கயு

ஈசூன் திடல். ஞாயிறு, மாலை ஐந்தேகால்.
காலை மழையை இன்னும் விடாத மாட்டுப்புல்.
எண்பத்தொன்றாம் நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
கப்பல் பட்டறைக்காரர்களுக்கும்
சரக்குக் கிடங்குக்காரர்களுக்கும் ஆட்டம்.
கிண்ணம் கிடையாது.
தோற்றவர்கள் கோப்பிக் கடையில் காசு கட்ட வேண்டும்.
அதற்குத்தான் இத்தனை வசவு.

எங்கள் லீக்கில் கோட்டு நடுவருக்குக் கூலி இல்லை.
அந்தப் பக்கம் கொடி பிடித்தவன் தவசீலன்,
கிடங்கு அணிக்காரன்,
கணுக்காலில் கட்டோடு வெளியே உட்கார்ந்தவன்.

பட்டறையின் ஜுன் காய் நீளமாக ஒன்று அடித்தான்.
இல்ஹாம் கிளம்பினான்.

இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
உதைக்கும் காலைப் பார்த்தால்
கடைசித் தடுப்பாளனின் தோள் தெரியாது.
தோளைப் பார்த்தால் கால் தப்பிவிடும்.
நடுவில் கழுத்து திரும்புகிற நேரம் இருக்கிறதே,
அதற்குள் இல்ஹாம் இரண்டெட்டு ஓடிவிடுகிறான்.
நான் பார்ப்பது எப்போதும்
கொஞ்சம் பிந்திய இல்ஹாமை.

தொலைக்காட்சியில் என்றால்
அக்குளுக்கொன்று முழங்காலுக்கொன்று
கோடு கிழித்துக் காட்டுவார்கள்.
எனக்கு நாற்பது மீட்டர் தூரமும்
நனைந்த மூக்குக்கண்ணாடியும்.

கண்ணால் காண்பதும் பொய்,
காதால் கேட்பதும் பொய்.
தீர விசாரிக்க
ஒரு மூச்சுதான் இருக்கிறது,
அதையும் விசில் கேட்கிறது.

கொடியைப் பார்த்தேன்.
ஏறவில்லை.
தன் அணி கோல் வாங்கப்போகிற நேரத்தில்
தாழ்ந்தே கிடக்கிற கொடி.
இதைவிட நேர்மையான சாட்சி
எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?
மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.
வலை அசைந்தது.

"ஆஃப்சைட்! ரெஃப்ரி கயு! கயு!"
பதினோரு பேர், அவர்களின் பயிற்சியாளர்,
அவர் மடக்கிப் பிடித்த குடை.
கயு என்றால் மலாயில் மரம், கட்டை.
பன்னிரண்டு வருடமாக என் இன்னொரு பெயர்.
தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.
அதுவாவது அசையாமல் நின்று
எல்லாவற்றையும் பார்த்திருக்கும்.
ஓடிக்கொண்டிருந்தவள் நான்தான்.

மஞ்சள் அட்டைக்குக் கை போனபோது
மின்னல் எச்சரிக்கைச் சங்கு அலறியது.
அதனிடம் யாரும் வாதாடவில்லை.

புளோக்கின் கீழ்த்தளத்தில்
ஏசியவர்களும் ஏச்சு வாங்கியவளும்
ஒரே தூணில் சாய்ந்து ஈரம் பிழிந்தோம்.
யாரோ கைப்பேசியை நீட்டினார்கள்.
காதலி எடுத்த படம்.
நிறுத்திப் பார்த்தால் இல்ஹாமுக்கு மூன்று கால்கள்.
"பாரு, முன்னால நிக்கிறான்!"
"கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு, பின்னால!"
உதைத்த நொடியில் குடை குறுக்கே வந்திருந்தது.
மேலே ரயில் போனது,
சன்னலெல்லாம் விளக்கு,
எந்தச் சன்னலும் எங்களைப் பார்க்கவில்லை.

எழுபத்தைந்து நிமிடம் தாண்டி ஆட்டம் நின்றால்
இருக்கிற கணக்கே முடிவு.
எங்கள் விதி அப்படி.

தவசீலன் பக்கத்தில் வந்து குந்தினான்.
கட்டைத் தடவிக்கொண்டே, தாழ்ந்த குரலில்:
"அக்கா, அந்த பால்...
நான் பார்க்கல.
கட்டு அவுந்துடுச்சு, குனிஞ்சிருந்தேன்."

மழை சாக்கடையில் விழும் சத்தம்.
"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"
"இல்ல."
அந்தச் சொல்லை எந்தப் பக்கம் வைப்பது என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

ஈரத்தாளில் பேனா பிடிக்கவில்லை.
அழுத்தி எழுதினேன்,
அடுத்த இரண்டு தாள்களிலும் பதியும்படி:
இரண்டு, ஒன்று.

மழை விட்டதும் கோப்பிக் கடை.
என்னை அதிகம் ஏசிய அந்தத் தடுப்பாளன்
ஆர்டர் எடுத்துக்கொண்டு வந்தான்.
"கயு, உங்களுக்குக் கோப்பி ஓவா, சீயா?"

பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.
நான் யோசித்தேன்.