இரண்டாவது ஓட்டுநர்

அபெரிஸ்ட்வித்தில் மழை. அடுப்படி மேசையில் மூன்று விலைகள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு: பேட்டரி உண்டு,
சார்ஜர் கம்பி களவுபோனால் கிடையாது.
எழுநூற்று நாற்பது: கம்பியும் உண்டு,
நடைபாதையில் அது தடுக்கி
பக்கத்து வீட்டு பிரின் விழுந்தால்
அவர் இடுப்பெலும்புக்கும் சேர்த்து.
மூன்றாவது மலிவு.
ஏனென்று பதினேழாம் பக்கத்துப் பொடியெழுத்து சொல்கிறது:
அடிவயிற்றில் ஒரு கல் பட்டாலும்
பேட்டரி உங்கள் பாடு.

எலூனெட் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறாள்.
பழைய பெட்ரோல் வண்டிக்கு இதில் பாதிதான்.
அது இருமிக் கேட்கும்.
இது சத்தமே போடாமல் வாங்கிக்கொள்கிறது.

வேறு யாரும் ஓட்டுவார்களா?
போன வருடத்துப் பதில் தானாக வந்து நிற்கிறது:
கெதின். கணவர். விபத்து ஏதுமில்லை.

அழிக்கிறாள்.
விலை நாற்பத்தொரு பவுண்டு ஏறுகிறது.

திரும்ப எழுதிப் பார்க்கிறாள். இறங்குகிறது.
அட,
வீட்டில் ஒருநாளும் இவ்வளவு
உபயோகப்பட்டதில்லையே இந்த மனிதன்!

மறுபடி அழித்து, இரண்டாவதற்கே பணம் கட்டுகிறாள்.
காலையில் ஆறு நோயாளிகள். முதல் வீடு மலைமேல்.

படுக்கும்முன், குடையில்லாமல் வெளியே போய்
ஈரக் கம்பியைக் காலால்
சுவரோரம் ஒதுக்கிவிட்டு வருகிறாள்.
பிரின் விடியுமுன்னே நாயோடு கிளம்பிவிடுவார்.