முகவெட்டு

முதலில் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன்.
ஈரத் துவாயால் முடியை முழுக்க இழுத்துக் கட்டி
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
கண்ணாடியில் தெரிகிற முகத்தைச் சுற்றி
சவர்க்காரத் துண்டால் கோடு கீறுவேன்.
வந்தவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்காதேங்கோ, தாடை அசையுது.

திருகோணமலை மத்திய வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
இரண்டு கதிரை, ஒரு கண்ணாடி,
ஜன்னலில் ஒரு விரற்கடை கடல்.

ஆளுக்கு முகவெட்டு நல்லம் என்பார்கள் எங்கள் ஊரில்.
முகத்தை யார் வெட்டியது?
நான் வெட்டுவது அதைச் சுற்றியிருக்கும் இடத்தை.

வட்டமென்றால் உச்சியில் உயரம் வை,
கன்னத்தோடு நிறுத்தாதே, கீழே இறக்கு.
நீளமென்றால் நெற்றியில் முன்முடி விழட்டும்.
(நேற்று கீழ்வாசலில் வந்து நின்ற மானுக்கு
இந்த ஊரிலேயே நீளமான முகம்.
முன்முடி வெட்டச் சொல்லி அது கேட்கவில்லை.
வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டு
பஸ் நிலையப் பக்கம் போனது.)
சுழியைப் பார்.
இரட்டைச் சுழிக்கு இரண்டு கலியாணமாம், எனக்குத் தெரியாது.
அவ்விடத்தில் ஒட்ட வெட்டினால்
நட்டுக்கொண்டு நிற்கும், அது தெரியும்.
ஈரத்தில் அளந்ததை நம்பாதே.
சுருள்முடி காய்ந்தால் இரண்டு விரல் மேலே ஏறும்,
கச்சான் வீசும் மாதங்களில்
இன்னும் அரை விரல்.

வியாழன் பின்னேரம் மஸ்னவியா வந்தார்,
நீதிமன்றத்திலிருந்து நேரே,
கறுப்புக் கோட்டு கையில் மடிந்திருக்க.
கதவைப் பூட்டித் திரையை இழுத்தேன்.
முக்காட்டு ஊசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி
உதட்டில் கவ்விக்கொண்டார்.
ஏழு, எண்ணினேன்.

கோடு கீறினேன். சதுரம்.
நெற்றி எவ்வளவோ தாடையும் அவ்வளவு.
படித்ததைச் சொன்னேன்:
மூலை இரண்டையும் மறைக்க வேணும்,
தாடைக்குக் கீழே அலையலையாய் விட்டு
காதோரம் நாலு இழை உதிர்த்தால்...

ஊசிகளைக் கைக்குள் துப்பினார்.
“இந்தத் தாடையை வச்சுத்தான்
நான் குறுக்கு விசாரணை செய்யிற.
காதுக்கு மேலால வெட்டுங்க.”

யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
சீப்பு மட்டும் ஒரு கணம் நின்றது.
அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.
“பல்லுத் தீட்டக்குள்ள நான் பார்ப்பன்,” என்றார்.

வெட்டினேன்.
மறைக்கச் சொல்லித் தந்த மூலைகள் இரண்டும்
வெளியே வந்து
என்னை நேராய்ப் பார்த்தன.
அவர் தலையை இடமும் வலமும் திருப்பினார்,
தீர்ப்பு வாசிக்குமுன் கோப்பைப் புரட்டுவதுபோல.
பிறகு முக்காடு, ஊசிகள், கோட்டு.
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
வந்த அதே ஆளாகப் படியிறங்கிப் போனார்.

கோட்டை அழிக்க மறந்துபோனேன்.
கதிரையில் இருந்து
என் முகத்தை அந்தச் சதுரத்துக்குள் வைத்துப் பார்த்தேன்.
கன்னம் இரண்டு பக்கமும் வழிந்தது.
பதினொரு வருஷமாய்
உச்சியில் உயரம், கன்னத்தைத் தாண்டி இறக்கம்,
சட்டம் பிசகாத தலை எனக்கு.

எண்ணியது பிழை. கதிரையடியில் எட்டாவது ஊசி,
பச்சைக் குமிழ்த் தலை.
எடுத்து, கன்னத்து முடியை ஒதுக்கிக்
காதுக்குப் பின்னால் குத்தினேன்.
மற்றப் பக்கத்துக்கு என்னுடைய கிளிப்.

கதவு தட்டுப்பட்டது.
ஐந்தரை மணிக்கு வரவேண்டிய பிள்ளை.
“என்னக்கா, முகம் ஊதிப்போய்க் கிடக்கு?”
“ஊதேல்லை,” என்றேன். “வட்டம்.
வந்து இரு.”