இருபதாம் எண்ணில் இரண்டு பேர்

வேலந்தாவளத்தில் லாரிகள் நிற்கின்றன.
தேங்காய், வைக்கோல், கோழிக்கூண்டு,
வாலில் ஒரு சிமெண்ட் வண்டி.
மேடையில் ஏறிய வண்டிக்கு எடை வருகிறது,
சீட்டு வரவில்லை.
பிலோமினா மூன்றாம் முறை அழைத்தபோது
நான் கொழிஞ்சாம்பாறையில்
கம்பத்தின் மேல் இருந்தேன்.

"நெட்டு வருது, போகுதுண்ணா.
பேய் புடிச்ச மாதிரி."

பேய்க்கு முகவரி தேவைப்படாது.

கறுப்புத் திரையைத் திறந்து
192.168.1.20 யார் என்று கேட்டேன்.
அந்தக் கேள்வி தெரு முழுக்கக் கேட்கும்படிதான் போகும்.
தனக்கில்லை என்று தெரிந்தவை
வாய் திறக்காது.
நான் என்றது ஒரு பெட்டி.
நான் என்றது இன்னொன்று.
வகுப்பில் ஒரே பெயருக்கு
இரண்டு மூலையிலிருந்து
'உள்ளேன் ஐயா'.

இன்னொன்று பதினோரு எட்டில் இருந்தது,
சித்திக் ராவுத்தரின் லாட்டரிக் கடையில்.
பிலோமினாதான் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாள்,
சாயங்காலப் பழம்பொரிக்கு ஈடாக.
தானாகக் கிடைக்கும் எண் வேண்டாமென்று
ராவுத்தர் தன் கையால் போட்டுக்கொண்டது இருபது.

"ஏன் பாய் இருபது?"
"போன மாசம் நம்ம கடையில அடிச்ச சீட்டு,
கடைசி ரெண்டு எண்ணு."

விழாத சீட்டு ஒன்றின் முதுகில்
நாலு எண்ணும் மூன்று புள்ளியும் எழுதினேன்.
முன் மூன்றும் தெரு. கடைசி, கதவு.
சுழியம் தெருவின் பெயர்,
அதில் யாரும் குடியிருக்க முடியாது.
இருநூற்றைம்பத்தைந்து ஊர்க்கூப்பாடு,
அதிலும் முடியாது.

"அப்ப இருநூத்தி அம்பத்தாறு?"
அப்படி ஒரு கதவே கிடையாது.
எட்டு சுவிட்சைப் போட்டும் அணைத்தும்
எத்தனை விதம் வருமோ அவ்வளவுதான்.

ஆறு இலக்கத்தில் உழன்ற மனிதர்
உதட்டைப் பிதுக்கினார்.
"உலகம் மொத்தத்துக்கும்?"
நானூற்று முப்பது கோடி, சற்றுக் குறையும்.
"பத்தாதே!"
பத்தவில்லை பாய்.
"புது சீரிஸ் அடிக்க வேண்டியதுதானே?"
அடித்துவிட்டார்கள். நீளம் அதிகம்,
எழுத்தும் கலந்து வரும்.
முதல்முறையாக என்னை
மரியாதையோடு பார்த்தார்.

இந்த இருபது
வாசல் தாண்டினால் செல்லாது.
பொள்ளாச்சியிலும் ஒரு 192.168.1.20 உண்டு,
எனக்குத் தெரியாத ஊர்களிலெல்லாம் உண்டு.
வெளியே போகும்போது எல்லோரும்
சுவரில் மினுங்கும் அந்தப் பெட்டியின்
ஒற்றைப் பெயரில்தான் போகிறார்கள்.
யார் எதைக் கேட்டார்கள் என்று
அது குறித்துவைத்து,
பதிலைப் பிரித்துக் கொடுக்கிறது.
அந்தப் பெயருக்கு வெளியுலகம் நினைத்திருக்கும் ஊர்
எர்ணாகுளம்.
அதனால்தான் ராவுத்தரின் திரை ஓரத்தில்
நாளெல்லாம் மழை.
இங்கே சிமெண்ட் வண்டி கிளப்பிய புழுதி.

இருபத்தொன்று போட்டேன்.
இருபத்தொன்றா என்று முகம் சுளித்தார்.
மேடையில் சீட்டு
கரகரவென்று நாக்கை நீட்டியது.

கிளம்பும்முன் சும்மா பார்த்தேன்.
எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் மாகாளி டீக்கடை.
அவன் லைன் வேறு கம்பெனி, கோவை வழி.
பிலோமினா அவனுக்கு "ரெண்டு டீ" என்று அனுப்பினால்
அது எர்ணாகுளம் போய்,
சென்னை போய்,
பெயர் சொல்லாத இரண்டு ஊர்களில் கைமாறி,
நாற்பது எட்டு தள்ளி
வந்து இறங்குகிறது.
நடுவில் ஒவ்வொரு கையும்
ஆயுளில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறது.
எண்ணினேன், பதினான்கு.

"என்னண்ணா பார்க்கறீங்க?"
ஒன்றுமில்லை என்றேன்.
அவள் ஜன்னலில் தலையை நீட்டி
டீ என்று கத்தினாள்.
கோழிகள் கேட்டன, டிரைவர்கள் கேட்டார்கள்,
ராவுத்தர் கேட்டார்.
மாகாளி மட்டும் கையைத் தூக்கினான்.