நான்கு சதவீதம்

தார்த்து நகரில், மூடிப்போன சாக்கு ஆலையின் நிலவறையில்
செவ்வாய்தோறும் நாங்கள் உணவைச் சுட்டோம்.
அடுப்பில் அல்ல,
பலகை அறுக்கும் லேசர் பெட்டிக்குள்.

உர்மாஸ் கதவில் எழுதி ஒட்டியிருந்தான்:
உள்ளே போவது உணவாக இருக்கலாம்,
வெளியே வருவது உணவல்ல.
ஒட்டுப்பலகைப் புகை குடித்த தட்டு அது.
கோந்து வாடை எதிலும் ஏறும்.
தோலுக்குள் ஒளிந்திருப்பதற்கு மட்டும் விலக்கு.

கெர்து பகலில் பொய்ப்பல் செய்கிறவள்.
பீங்கான் எந்தச் சூட்டில் பல்லாகும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
நோட்டுப் புத்தகம் என்னிடம் இருந்தது.

சீஸ்: அழுதது.
முட்டை: ஓட்டில் பூ வந்தது,
அறை முழுக்க மயிர் கருகிய நாற்றமும் வந்தது.
ரை ரொட்டி: கறுப்பின் மேல் கறுப்பு.
சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.
பீட்ரூட்: எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது,
ஒன்றும் சொல்லவில்லை.
பான்கேக்: உர்மாஸின் முகம்.
மூக்கு மட்டும் துளையாகி உதிர்ந்தது.
தன் விதியை மறந்து
அவனே அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஒரு சோறு பதம் என்பதெல்லாம் இங்கே செல்லாது.
ஒரே ஆப்பிளின்
வெயில் பார்த்த கன்னம் ஒரு எண் கேட்கும்,
இலைக்குள் இருந்த கன்னம் வேறொன்று.

பிப்ரவரியில், லென்ஸைத் துடைத்தபடி சொன்னாள்:
"துர்க்குவில் வேலை கிடைத்துவிட்டது."
நான் சொன்னேன்:
"ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருக்கிறது, துடை."

கடைசிச் செவ்வாய்.
சாவியைத் திருப்பிக் கொடுக்க அவள் மாடிக்குப் போன நேரம்
ஒரு வாழைப்பழத்தைத் தட்டில் கிடத்தினேன்.
எங்கள் மொழியில் அது இரண்டே சொல், ஏழு எழுத்து.
முதல் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
போகாதே.
சக்தி நான்கு சதவீதம்; அதற்கு மேல் தைரியம் இல்லை.
பதினோரு வினாடி
இயந்திரத்தின் தலை இங்குமங்கும் போய்வந்தது.
மூடியைத் திறந்தால்
மஞ்சள். வெறும் மஞ்சள்.
மூச்சு விட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

"என்ன சோதனை?" என்றபடி இறங்கி வந்தாள்.
"ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை."
"பழம் பாவம்," என்று
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"கப்பலில் தின்கிறேன்."

மறுநாள் காலை, மருத்துவமனையில்,
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்டின் முதுகில் உட்கார்ந்திருந்தேன்.
கிரீஸ் கை. நெற்றியில் விளக்கு.
போன் துடித்தது.
ஒரு படம்: கப்பலின் சன்னல், உடைந்த பனிக்கட்டி மிதக்கும் கடல்,
மேசை மேல் அந்தப் பழம்.
தேநீர் நிறத்தில் ஏழு எழுத்தும்
ஒன்றுவிடாமல்.

கீழே இரண்டு வரி:
"முதல் எழுத்தின் புள்ளிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.
வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும்."

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ,
உள்ளே மாட்டிக்கொண்டவர் கூரையைத் தட்டினார்.
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து அனுப்பினேன்:
"முந்நூற்றைம்பதா?"
"நானூறு."

இரவு இன்னொன்று வந்தது, துர்க்குவிலிருந்து.
"மாலைக்குள் தோல் முழுக்கக் கறுத்துவிட்டது.
எங்கே எழுத்து, எங்கே பழம் என்று தெரியவில்லை.
உரித்துத் தின்றேன்.
உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது. நல்ல இனிப்பு."

நோட்டில் பதிந்தேன்:
வாழை. சக்தி 4, வேகம் 300.
தெரிய ஆன நேரம்: ஓர் இரவு.
நின்ற நேரம்: ஒரு பகல்.

உர்மாஸ் எட்டிப் பார்த்தான்.
என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை, நல்லவன்.
"ஒரு தடவை வந்ததை வைத்து
முடிவு கட்டாதே," என்றான்.
"சந்தை மூலைக் கடையில்
சீப்பு இன்று பாதி விலை."