கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
வழக்கம்தான்.
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
முன்னே ஒருதரம் போகும்,
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல்
பின்னே ஒருதரம் வரும்.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
வெள்ளரிப் பிஞ்சு ஜன்னல் ஜன்னலாக நீண்டது.

கண்டக்டர் பையனுக்கு இருபத்து மூன்று இருக்கும்.
பஸ்ஸை முன்னிருந்து பின்வரை பார்த்தான்,
நரைகளை எண்ணினானோ என்னவோ,
"அண்ணே, இதை நிறுத்திட்டு
பழைய பாட்டா எதாச்சும் போடுங்க,
எல்லாம் பெரியவங்களா இருக்காங்க" என்றான்.
நல்ல பிள்ளை.
பழைய பாட்டென்றால் எங்கள் சித்தப்பா பாட்டு,
ஷெனாயும் சோகமும்.
அதுவும் நல்லதுதான் என்று
கணக்குப் பையை மடியில் சரித்துச் சாய்ந்தேன்.

வந்தது என் பாட்டு.

புல்லாங்குழல் முதல் மூச்சு இழுக்கும்போதே தெரிந்துவிட்டது.
கூட்டத்தில் யாரோ
வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
திரும்பிப் பார்த்தேன்.
இதுவா?
இது போன வாரம் வந்ததாயிற்றே!
போன வாரம் இல்லை, சரி,
பந்தலடியில் நிஜாம் அண்ணன் கடையில்
பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து,
வியாழக்கிழமை வா என்றவரிடம்
புதன்கிழமையே போய் நின்றேனே,
அந்த வாரம்.

நகைக்கடன் பிரிவில் இருபது வருஷம்.
கழித்தல் கேட்காமலே வரும்.
தொண்ணூற்றேழுக்கும் இன்றைக்கும்
இருபத்தெட்டு.
தொண்ணூற்றேழில் இருபத்தெட்டு போனால்
அறுபத்தொன்பது.
அமிர்தகடேசன் சித்தப்பா
பம்புசெட்டில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி
கண்மூடிக் கேட்ட பாட்டுகளின் வருஷம்.
"ஐயோ சித்தப்பா, இதெல்லாம் சரித்திரப் பாடம்" என்று
குமிழைத் திருகியவள் நான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குமிழைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
மடை பார்க்கப் போய்விட்டார்.
அவருக்கு அப்போது நாற்பத்தாறு.
எனக்கு இப்போது எத்தனை என்று
சொல்ல வேண்டுமா?

பழசுதான் பொன் என்பார்கள்.
சொல்பவர்கள் அடகு வைத்ததில்லை போலிருக்கிறது.
உரைத்துப் பார்ப்போம்,
அரக்குக்கும் அழுக்குக்கும் எடை கழிப்போம்,
மீதிக்குத்தான் தொகை.

பக்கத்து சீட்டுப் பெண்,
நர்சிங் படிக்கிறவளாக இருக்க வேண்டும்,
"நல்லா இருக்குல்ல? எங்கம்மா பாடுவாங்க.
எந்தப் படம் ஆன்ட்டி?" என்றாள்.
படம் தெரியும். கொட்டகை தெரியும்.
இடைவேளைக்கு முன்பு கரண்ட் போனதும்
இருட்டில் விசிலடித்தது
என் சிநேகிதி பூங்கோதைதான் என்பதும் தெரியும்.
"தெரியலையேம்மா" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

நிஜாம் அண்ணன் பதிந்து தந்த கேசட்டில்
முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு இது.
இரண்டாம் சரணத்தில்
ஒரு சொல்லின் நடுவில் நாடா தீர்ந்துவிடும்.
டக்.
ஆறு வருஷம் அந்த டக்கோடுதான் கேட்டேன்.
எனக்கு அதுவும் பாட்டுதான்.
பிறகு எங்கெங்கோ முழுசாகவும் ஓடியிருக்கும்,
காது ஏற்றுக்கொள்ளவில்லை.
அந்தப் பாதிச் சொல் நெருங்க நெருங்க
கை மடியிலிருந்து எழுந்தது,
திருப்பிப் போட.

பாட்டு நிற்கவில்லை.
சொல் முடிந்தது.
அடுத்த சொல்,
அதற்கடுத்தது,
ஒன்றையும் நான் முன்பு கேட்டதில்லை.
தம்பி, இது புதுப்பாட்டுடா என்று
அந்தப் பையனைக் கூப்பிட இருந்தேன்,
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
இரண்டு பக்கமும் காத்துக்கிடந்த
பைக்கும் லாரியும் வைக்கோல் டிராக்டரும்
ஒரே மூச்சில் ஹாரனை அமுக்கின.

வெண்ணாற்றுப் பாலம் தாண்டிச் சத்தம் அடங்கியபோது
வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
பக்கத்துப் பெண் போனில் தேடிப் பிடித்துவிட்டாள்.
"தொண்ணூத்தேழாம் ஆன்ட்டி!" என்றாள்,
கிணற்றை எட்டிப் பார்த்தவள்போல.

"அப்படியா" என்றேன்.