போதும் என்கிற சத்தம்

மானாமதுரை வருவதற்குள் காற்று நின்றுவிடும்.
விரகனூர் ரவுண்டானாவில் முகத்தில் அறைந்த குளிர்
திருப்புவனத்தில் தோளைத் தொடும்,
திருப்பாச்சேத்தியில் முணுமுணுக்கும்,
அப்புறம் விசிறியின் சத்தம் மட்டும்.
நாலாம் நம்பரில் வைத்துத் திறப்பில் உள்ளங்கையை நீட்டினால்
மூடிய கடையின் ஷட்டரைத் தொட்டதுபோல் இருக்கும்.

மே மாதம். பகல் பதினொன்று.
மண்டபத்து மீனை விடியலில் மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டு
காலிப் பெட்டிகளோடு திரும்புகிற வழி.
கருவேல நிழல் பார்த்து ஓரங்கட்டி
ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.
டேஷ்போர்டுக்குள் ஏதோ நெகிழும், முனகும்.
பிறகு கிளீனர் மொக்கைச்சாமியின் பாதத்தில்
சொட்டு, சொட்டு,
பிறகு ஒரு டம்ளர்.
"அண்ணே, நம்ம வண்டிக்கு நீர் எறங்குது" என்பான்.
பெயின்ட் டப்பா ஒன்றை அவனே கொண்டுவந்து
காலடியில் வைத்துக்கொண்டான்.

பின்னால், கட்டி எழுபது ரூபாய் கொடுத்து வாங்குகிற ஐஸ்
மண்டபத்திலிருந்து மதுரைக்குள் பாதி கரைந்துவிடுகிறது.
முன்னால், கேட்காமல் விளைந்த ஐஸ்
கரைய மாட்டேன் என்கிறது.
இரண்டையும் இடம் மாற்ற ஒரு வழி இருந்தால்
வண்டிக் கடனை ஒரு வருடம் முன்பே அடைத்திருப்பேன்.

சிலைமானில் காண்பித்தேன்.
"கேஸ் கம்மி" என்றார். ஆயிரத்து எண்ணூறு.
மறுநாள் மானாமதுரைக்கு முன்பே, ராஜகம்பீரத்தில் நின்றது.
பரமக்குடியில் ஒருவர் ஃபில்டரை உருவிக் காட்டினார்.
செதில், தூசி, ஒரு பஸ் டிக்கெட், என்னுடைய ஒரு முடி.
புது ஃபில்டர் மாட்டிய அன்று
காற்று பலமாய் வந்தது, பலமாய் நின்றது.
"டீசல்தான் மிச்சமாகும், ஜன்னலைத் திறங்க" என்றாள் வீட்டில்.
திறந்தால் மீன் வாடை உள்ளே வரும்.
திறக்காவிட்டாலும் உள்ளேதான் இருக்கிறது.

ரெஜினாவின் ஷெட் விரகனூர் ரிங் ரோட்டில்,
பஞ்சர் கடைக்கும் தண்ணீர் லாரி ஸ்டாண்டுக்கும் நடுவே.
பானெட்டைத் தூக்கவில்லை அந்த அம்மா.
திறப்பில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி
"ஓட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.
திருப்புவனம் போய்த் திரும்பும்வரை ஒரு பேச்சில்லை.
மூன்று டிகிரி. ஒன்று. பூச்சியம்.
ரேடியோவை அவரே நிறுத்தினார்.

"டக்குனு ஒரு சத்தம் வருமே, கிளட்ச் விடுற சத்தம்,
கடைசியா எப்பக் கேட்டீங்க?"

யோசித்தேன்.
நாலு வருடமாக என் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும்.
நின்றது எப்போது என்று தெரியவில்லை.

"எலி செத்த நாத்தம் வந்துச்சே அண்ணே" என்றான்
பின்னால் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மொக்கைச்சாமி.
மாசியில். பார்த்திபனூரில்.
டேஷ்போர்டைப் பிரித்து எலியை எடுத்தவன்
எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான்,
ஒன்றைத் தவிர.

டார்ச் வெளிச்சத்தில் காட்டினார்:
எலி வால் தடிமனில் ஒரு வயர்,
நுனியில் பயறு போல ஒரு மணி,
பனி பிடிக்கும் தகடுகளைத் தொடாமல்
அந்தரத்தில்.
"இதுதான் போதும்னு சொல்ற ஆளு.
வெளிய தொங்கிக்கிட்டு
இன்னும் சூடா இருக்கு, இன்னும் போடுன்னு
சொல்லிக்கிட்டு இருக்கு."
இரண்டு விரலால் தகடுகளுக்கு நடுவே தள்ளி
ஒரு கிளிப் போட்டார்.
இருநூற்றைம்பது. அதிலும் ஐம்பதுக்குச் சில்லறை தேடினார்.

திருப்புவனம். குளிர்.
திருப்பாச்சேத்தி. குளிர்.
டக்.
மொக்கைச்சாமி என்னைப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி, டக்.
வைகைப் பாலத்தில் யாரோ ஹாரன் அடித்ததில்
ஒன்றைத் தவறவிட்டோம்.

டப்பாவை எடுத்து எறியச் சொல்ல மறந்துவிட்டேன்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது
அவன் காலுக்கும் கதவுக்கும் இடையே
பரமக்குடிவரை
காலியாய் உருண்டுகொண்டு வந்தது.