பங்காளி

சால்கோ சமவெளியில், எரிமலைக்கு எதிரே
ஒதிலியாவின் ஒன்றரை ஹெக்டேர்.
ஈரமண்ணில் மண்டியிட்டு
இலையுறையின் ரோமங்களை எண்ணுகிறேன்.
ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை?
ஆய்வகம் கேட்கிறது.

இது மக்காச்சோளமா, அசேசேயா?
அதே சிவப்புத் தண்டு, அதே உயரம்,
விரலில் உரசும் அதே சொரசொரப்பு.
"பூக்கட்டும்" என்றாள். "சாயம் வெளுக்கும்."
வரிசைக்குள் புகுந்து
வரிசையாகவே நிற்கிற திருட்டுப் புல்.

ஆகஸ்டில் வெளுத்தது.
கதிர் என்று சொல்லக் கூசும் ஒன்று:
ஏழெட்டு விதை, முக்கோணமாய், கல்லாய்,
பல்லுக்கு அடங்காது, தொட்டால் உதிரும்.
பிடுங்கிக் கட்டிப் பசுவுக்குப் போட்டாள்.
பசு மென்றது. சாணமிட்டது.
மார்ச்சில் சாணம் வயலுக்குப் போனது.
வாசல்வழி துரத்தியவன்
கொல்லைவழி வந்துவிட்டான்.

"என் மாமனார் காலத்துச் சண்டை இது" என்றாள்.
ஆயிரக்கணக்கான வருடம் என்று
நான் திருத்தவில்லை.

மறு மே, பத்தொன்பதாம் தேதி,
விடியுமுன் உறைபனி.
வேலிக்கு அப்பால் தெலெஸ்போரோவின் கம்பெனி விதை
வெந்த கீரையாய்ச் சாய்ந்து கிடந்தது.
அவன் தொப்பியைக் கழற்றி
அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.
இந்தப் பக்கம் நுனிகள் கருகின, அவ்வளவுதான்.
தண்டுகளின் ரோமத்தில்
பனி அமர்ந்திருந்தது, உள்ளே இறங்காமல்.
வெயில் வந்தபோது
சிவப்பு முதலில் சூடேறியது.
அன்று நான் எதையும் எண்ணவில்லை.

ஜூலையில் ஆய்வகத் தாள் வந்தது.
வாசித்துச் சொன்னேன்:
உலகம் விதைக்கிற மக்காச்சோளத்தில்
ஏறக்குறைய ஐந்தில் ஒன்று
அந்த மலைப்புல்லிடமிருந்து வந்தது.
"வாங்கியதா, எடுத்ததா?"
காற்று கொண்டுவந்து கொட்டியது. மகரந்தம்.
"தெலெஸ்போரோவின் மூட்டையிலுமா?"
அதிலும்.
குளிர் தாங்கும் பங்கு மட்டும்
வழியில் எங்கோ தவறியிருக்கிறது.
யோசித்தாள். அரிவாளின் பிடியில்
காய்ந்த மண்ணைச் சுரண்டினாள்.
"பத்திரம் கிடையாது?"
கிடையாது.
"அப்போது பங்காளிதான்.
வழக்குப் போட்டால் ஜெயித்துவிடுவான்."

ஆகஸ்டில் மறுபடி பூத்தது.
ஓரத்தில் நின்ற ஒன்றைப் பிடித்தவள்
கையை விட்டுவிட்டாள் என்று
எழுத எனக்கு ஆசை.
பிடுங்கினாள்.
வேர்மண்ணைத் தொடையில் தட்டி உதறினாள்.
பசு அதற்குள்
கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.